மாட்டின் காதில் எண் ஏறியது. உழவரின் காதில் சட்டம் ஏறியதா?

மாடு என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. தொழுவத்தில் நின்று அசைபோடும் உயிரும் மாடு; ஒருவர் ஈட்டி வைத்த செல்வமும் மாடு. உயிரையும் உடைமையையும் ஒரே சொல்லால் சுட்டிய இனம், அவ்வுயிரைத் தன் வாழ்வின் ஒரு பகுதியாகவே கொண்டிருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டா. இன்று நாடு முழுவதிலும் உள்ள மாடுகளைப் பதிவு செய்வதற்கென நடுவணரசு அமைத்திருக்கும் கணினித் தொகுப்புக்குப் ‘பாரத் பசுதன்’ என்று பெயர். ‘பசுதன்’ என்றால் கால்நடைச் செல்வம். தமிழ் ஒரு சொல்லில் அடக்கியதை வடமொழி இரு சொல் கூட்டிச் சொல்கிறது; அவ்வளவே வேறுபாடு. ஆனால் அந்தத் தொகுப்புக்குரிய பன்னிரண்டு எண்கள் பொறித்த மஞ்சள் வில்லை, விராலிமலையிலும் கந்தர்வகோட்டையிலும் ஆவுடையார்கோயிலிலும் மாட்டின் காதில் தொங்குகிறது. மாட்டின் காதில் எண் ஏறிவிட்டது. அம்மாட்டை வளர்ப்பவரின் காதில் அதற்குரிய சட்டம் ஏறியதா என்பதே இங்கு நாம் எழுப்பும் வினா.

முதற்கண் ஒன்றைத் தெளிவாக்கி விடுவோம். தடுப்பூசியை நாம் எதிர்க்கவில்லை. மாட்டின் குருதியை எடுத்து ஆய்வதையும் எதிர்க்கவில்லை. நோயுற்ற மாட்டைத் தனித்துக் கட்ட வேண்டும், சந்தைக்கு ஓட்டலாகாது என்னும் விதிகளையும் எதிர்க்கவில்லை. அவை யாவும் வேண்டுவனவே. இன்னும் சொல்லப் போனால், இப்போதிருப்பதை விடக் கண்டிப்பாக நடைபெற வேண்டுவன. அவ்விதிகள் எந்த மொழியில் யாரால் எழுதப்பட்டு யாருடைய வாயை நம்பி நிற்கின்றன என்பதைத்தான் எண்ணிப் பார்க்கச் சொல்கிறோம்.

காணை என்று நம் ஊர்ப்புறத்தார் சொல்லும் நோயையே எடுத்துக்கொள்வோம். கோமாரி என்றும் இதனை வழங்குவர். மாட்டுக்குக் காய்ச்சல் கண்டு, வாயில் நுரைத்த எச்சில் ஒழுகி, நாக்கிலும் ஈறிலும் குளம்பிடுக்கிலும் மடிக்காம்பிலும் கொப்புளங்கள் எழும்பி உடைந்து புண்ணாகும். தீனி எடுக்க இயலாது, கால் ஊன்ற இயலாது, பால் வற்றும். வளர்ந்த மாடுகள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் பழைய பாலும் பழைய உழைப்பும் பல மாடுகளுக்குத் திரும்புவதில்லை. இளங்கன்றுகளுக்கோ நோய் நெஞ்சாங்குலையைத் தாக்க, நின்றபடியே விழுந்து இறப்பதும் உண்டு. இந்நோயை உண்டாக்குவது கண்ணுக்குத் தெரியாத ஒரு நச்சுயிரி. விலங்குகளைத் தாக்கும் நச்சுயிரிகளுள் முதன்முதலாக அறியப்பட்டது இதுவே. 1898-இல் செருமனி நாட்டறிஞர் இலெப்லரும் பிரோசும் இதனைக் கண்டு சொன்னார்கள். உலகில் இதற்கு ஏழு வகைகள் உண்டு. அவற்றுள் ஓ, ஏ, ஆசியா-1 என்னும் மூன்றும் இந்தியாவில் உலவுகின்றன. ஒரு வகைக்குப் போட்ட ஊசி மற்றொரு வகையைத் தடுக்காது. ஆகவேதான் மூன்றையும் சேர்த்த மருந்தை ஆறு திங்களுக்கு ஒருமுறை போடுகிறார்கள்.

இவ்வளவும் மருத்துவம். இனி ஆய்வு என்ன சொல்கிறது என்று பாருங்கள். நோய் கண்ட மாட்டின் நாக்குக் கொப்புளத்திலிருந்து சிறு தோற்கூறு எடுத்து ஆய்ந்தால் எந்த வகை நச்சுயிரி என்று தெரியும். நோய் வெளிப்படாத மாட்டின் குருதிநீரை ஆய்ந்தால் வேறொன்று தெரியும். ஊசி மட்டும் போட்ட மாட்டின் குருதியில் நச்சுயிரியின் மேலுறைக்கு எதிரான பொருள்களே இருக்கும். நோய் வந்து போன மாட்டிலோ, நச்சுயிரி உடலுக்குள் பெருகும்போது தோன்றும் பிற புரதங்களுக்கு எதிரான பொருள்களும் சேர்ந்திருக்கும். எனவே, ‘இது ஊசியால் வந்த காப்பா, நோயால் வந்த தழும்பா’ என்று ஒரு துளிக் குருதி காட்டிக் கொடுத்துவிடும். ஓர் ஊரில் ஊசி உண்மையிலேயே வேலை செய்ததா, அன்றி ஏட்டில் மட்டும் போடப்பட்டதா என்பதையும் அது காட்டிவிடும். ஆய்வு என்பது மாட்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதன்று. அரசு செய்த வேலையைத் தேர்வு செய்வதும் ஆகும். இந்த இரண்டாவது பொருளை நம் உழவர்க்கு யாரேனும் எடுத்துச் சொன்னார்களா?

சட்டத்துக்கு வருவோம். விலங்குகளின் தொற்றுநோய்களைத் தடுக்கவும் கட்டுப்படுத்தவும் நாடாளுமன்றம் 2009-இல் ஒரு சட்டம் இயற்றியது. காணை அதன் நோய்ப் பட்டியலில் உள்ளது. அச்சட்டத்தின்படி, தம் மாட்டுக்குப் பட்டியலிலுள்ள நோய் கண்டிருக்கிறது என்று கருதுவதற்கு இடமிருந்தால், மாட்டுக்கு உடையவர் அதனை ஊர் அலுவலரிடமோ ஊராட்சிப் பொறுப்பாளரிடமோ அறிவித்தாக வேண்டும். நோயுற்ற மாட்டை மற்றவற்றினின்று பிரித்துக் கட்ட வேண்டும். பொதுக் குளத்தில் நீர் காட்டவோ பொது மேய்ச்சலில் விடவோ கூடாது. மாநில அரசு ஒரு நிலப்பகுதியைக் கட்டுப்பாட்டுப் பகுதி என்று அறிவித்தால், அங்குள்ள மாடுகளுக்கு ஊசி கட்டாயம். ஊசி போட்டதற்கு அடையாளமும் சான்றிதழும் கட்டாயம். அவையின்றி மாடு எல்லை கடத்தல் ஆகாது. சந்தையை நிறுத்தலாம். மருத்துவர் தொழுவத்துக்குள் வந்து பார்க்கலாம். ஆய்வுக்குக் கூறு எடுக்கலாம். மீறினால் ஆயிரம் உருபா வரை தண்டம். கட்டத் தவறினால் ஒரு திங்கள் வரை சிறை. தடுப்பூசிச் சான்றிதழ் எப்படி இருக்க வேண்டும், இறந்த மாட்டை எப்படி அறுத்துப் பார்க்க வேண்டும், எப்படிப் புதைக்க வேண்டும் என்பதற்கெல்லாம் 2010-இல் தனி விதிகள் வந்தன. அவை வெளிவந்தது நடுவணரசின் இதழில். அவ்விதழின் மொழிகள் இந்தியும் ஆங்கிலமும்.

இச்சட்டத்தின் அடித்தளம் எங்கே இருக்கிறது என்று நோக்குங்கள். தில்லியில் இல்லை, ஆய்வகத்தில் இல்லை, மருத்துவரின் பையிலும் இல்லை. விடியற்காலையில் தொழுவத்துக்குச் சென்று, மாடு வாயில் நுரை தள்ளி நிற்பதைக் கண்ட அந்த ஒருவரின் வாயில் இருக்கிறது. அவர் வாய் திறந்து சொன்னால்தான் மருத்துவர் வருவார். மருத்துவர் வந்தால்தான் கூறு எடுக்கப்படும். கூறு போனால்தான் வகை தெரியும். வகை தெரிந்தால்தான் சுற்றுப்புற ஊர்களுக்குக் காப்பு. முதற்கண்ணி அறுந்தால் சங்கிலி முழுவதும் வீண். அந்த முதற்கண்ணியின் மொழி தமிழ். அதற்கு மேலுள்ள கண்ணிகள் எல்லாம் வேறு மொழியில் பேசுகின்றன. இதுதான் குறை.

தமக்கு விளங்காத சட்டத்தைக் கண்டு எளிய மாந்தர் என்ன செய்வார்? அஞ்சுவார். அஞ்சினால் மறைப்பார். சொன்னால் சந்தை மூடிவிடுவார்கள். கூட்டுறவுக் கழகத்தில் பால் எடுக்க மாட்டார்கள். காளையை வாடிவாசலில் ஏற்ற மாட்டார்கள். அடுத்த வீட்டார் ஏசுவார்கள் — இவையெல்லாம் அவர் காதுக்கு எப்படியோ வந்து சேர்கின்றன. சொன்னால் கிடைக்கும் நன்மை என்ன, ஆய்வின் முடிவு தமக்கு எப்படிப் பயன்படும், கட்டுப்பாடு எத்தனை நாளில் நீங்கும் என்பன மட்டும் வந்து சேர்வதில்லை. தண்டனை தானாகவே மொழிபெயர்ந்து விடுகிறது. உரிமையை யாரேனும் மொழிபெயர்த்துத் தந்தால்தான் உண்டு.

புதுக்கோட்டை மாவட்டத்தில் இது வெறும் ஏட்டுச் செய்தியன்று. தமிழ்நாட்டின் ஏறுதழுவல் களங்களில் மிகப் பலவற்றைக் கொண்ட மாவட்டம் இது. ஆண்டின் முதல் சல்லிக்கட்டு சனவரித் தொடக்கத்தில் பெரும்பாலும் தச்சங்குறிச்சியில்தான் தொடங்கும். 2019 சனவரி 20-இல் விராலிமலையில் ஒரே நாளில் 1,353 காளைகள் வாடிவாசலைக் கடந்ததை உலகமே பேசிற்று. அந்த எண்ணிக்கையில் நமக்குப் பெருமை உண்டு. அதே எண்ணிக்கையை ஒரு நச்சுயிரியின் கண்கொண்டு பாருங்கள்: பல மாவட்டங்களிலிருந்து வண்டியேறி வந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட காளைகள், ஒரே திடல், ஒரே புழுதி, ஒரே தண்ணீர்த் தொட்டி, பிறகு அவ்வளவும் தத்தம் ஊர்த் தொழுவத்துக்குத் திரும்புகின்றன.

2017-ஆம் ஆண்டின் விதிகளின்படி ஒவ்வொரு காளையையும் கால்நடை மருத்துவர் ஆய்ந்த பின்னரே களத்தில் விடுகிறார்கள். நன்று. ஆனால் காணை உடலுக்குள் புகுந்து வெளிப்படுவதற்கு இரண்டு நாளிலிருந்து பதினான்கு நாள் வரை ஆகும். வெளிப்படுவதற்கு முன்பே நோய் பரவத் தொடங்கிவிடும். வாயிலில் நின்று பார்க்கும் மருத்துவரின் கண்ணுக்கு அக்காளை கொழுகொழு என்றுதான் தோன்றும். அவர் கண்ணில் பிழையில்லை. நோயின் இயல்பு அது. எனவே வாடிவாசல் ஆய்வு கடைசி வேலி மட்டுமே. முதல் வேலி, சில கிழமைகளுக்கு முன்பே தொழுவத்தில் போடப்பட்ட ஊசி. அதற்கும் முந்திய வேலி, ‘எங்கள் ஊரில் காணை கண்டிருக்கிறது, இந்த ஆண்டு எங்கள் காளை வராது’ என்று துணிந்து சொல்லும் நேர்மை. அந்நேர்மை தண்டத்தால் வளராது, தெளிவால் வளரும். 2013-இல் கருநாடகத்திலும் தமிழ்நாட்டிலும் காணை பெருகி, ஆயிரக்கணக்கான மாடுகள் மாண்டதை உழவர் மறந்திருக்க மாட்டார்கள். அன்று 2009-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. இருந்தும் நோய் பரவிற்று. சட்டம் இருப்பது வேறு. சட்டம் ஊர் சேர்வது வேறு.

‘பழங்காலத்தில் சட்டமா இருந்தது?’ என்று கேட்பார் உளர். இருந்தது. மாட்டு நோய்களுக்கென்று சென்னை மாகாணம் 1866-இலேயே ஒரு சட்டம் செய்தது. வெக்கை நோய்க்கென்று 1940-இல் தனிச்சட்டம் செய்தது. 1932-இல் இராணிப்பேட்டையில் நோய்த்தடுப்பு மருந்து நிலையம் எழுந்தது; வெக்கைக்கு எதிரான ஊனீரும் ஊசிமருந்தும் அங்கே செய்யப்பட்டன. வெக்கை வந்தால் ஓர் ஊரின் ஏரெல்லாம் ஒரு திங்களில் நின்றுபோகும்; அத்தகைய கொடுநோய் அது. இந்தியாவின் கடைசி வெக்கை நோய் 1995-இல் தமிழ்நாட்டில்தான் காணப்பட்டது. அதன்பின் ஊசியை நிறுத்திவிட்டு, ஊர் ஊராகக் குருதி எடுத்து ஆய்ந்தார்கள். ஊசி இல்லாத மாட்டின் குருதியில் எதிர்ப்பொருள் இருந்தால் நோய் எங்கோ ஒளிந்திருக்கிறது என்று பொருள். இல்லை, இல்லை, இல்லை என்று ஆயிரமாயிரம் ஆய்வுகள் சொன்ன பிறகே, 2006-இல் இந்தியா வெக்கையற்ற நாடென்று உலக அமைப்பு ஒப்புக்கொண்டது. 2011-இல் உலகமே அந்நோயினின்று விடுபட்டது. பெரியம்மைக்குப் பிறகு மாந்தர் முற்றாக ஒழித்த இரண்டாவது நோய் அது.

அவ்வெற்றியில் உழவர்க்குப் பங்குண்டு. ஊசி போட மாட்டைப் பிடித்துக் கொடுத்தவர் அவர். ‘என் மாட்டுக்கு இப்படி இருக்கிறது, வந்து பாருங்கள்’ என்று மருந்தகத்துக்கு நடந்தவர் அவர். இன்று காணைக்கும் அதே பாதையை வகுத்திருக்கிறார்கள். 2019-இல் நடுவணரசு 13,343 கோடி உருபா ஒதுக்கிக் காணையையும் கன்றுவீச்சு நோயையும் எதிர்த்து ஒரு திட்டம் தொடங்கியது. 2025-க்குள் கட்டுப்படுத்தல், 2030-க்குள் ஒழித்தல் என்பது அன்று அறிவித்த குறிக்கோள். பணம் இருக்கிறது, மருந்து இருக்கிறது, ஒடிசாவின் அருகுலில் உயர்ந்த ஆய்வகம் இருக்கிறது. தொழுவத்துக்கும் ஆய்வகத்துக்கும் இடையே ஒரு பாலம் மட்டும் வேண்டும். அந்தப் பாலத்தின் பெயர் தாய்மொழி.

‘சட்டத்தைத் தமிழில் எழுதினால் உழவர் உட்கார்ந்து படிக்கப் போகிறாரா?’ என்று நகையாடுவார் சிலர். ஐரோப்பாவைப் பாருங்கள். அங்கே விலங்கு நலத்துக்கென 2016-இல் ஒரு பொதுச் சட்டம் செய்தார்கள். அது இருபத்து நான்கு மொழிகளில் வெளியாயிற்று. இருபத்து நான்கும் ஒத்த மதிப்புடையவை. அவற்றுள் ஒன்று மால்த்தா மொழி. அந்நாட்டில் வாழ்வோர் ஏறத்தாழ ஐந்து நூறாயிரம் பேர். மற்றொன்று எசுத்தோனிய மொழி. அந்நாட்டு மக்கள்தொகை பதினான்கு நூறாயிரத்துக்கும் குறைவு. நம் புதுக்கோட்டை மாவட்டத்தின் மக்கள்தொகையே 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி பதினாறு நூறாயிரத்தைத் தாண்டும்! ஒரு மாவட்டத்தை விடச் சிறிய நாட்டின் உழவர் தம் மாட்டின் குருதியை எதற்காக எடுக்கிறார்கள் என்பதைத் தம் மொழியில் படித்தறியலாம். ஏழு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் தமிழ்நாட்டின் உழவர்க்கு அந்த உரிமை மிகை என்பது என்ன முறை?

அது வெறும் பெருமைக்கான ஏற்பாடும் அன்று. 2025 சனவரியில் செருமனியின் பிராண்டன்பர்க்கு மாநிலத்தில் ஓர் எருமைப் பண்ணையில் காணை தலைகாட்டிற்று. 1988-க்குப் பிறகு அந்நாட்டில் அதுவே முதன்முறை. உடனே மூன்று கல்தொலைவு, பத்துக் கல்தொலைவு என்பதுபோல் — அவர்கள் கணக்கில் மூன்று, பத்து அயிரமாத்திரி அளவில் — இரு வளையங்கள் வகுத்து, உள்ளிருந்த மாடுகளை எல்லாம் ஆய்ந்தார்கள். நோய் அந்த ஒரு பண்ணையோடு நின்றது. ஆய்வகத்தின் திறமை ஒரு பாதி. எந்த வளையத்துக்குள் தாம் இருக்கிறோம், என்ன செய்ய வேண்டும், எப்போது விடுபடுவோம் என்பதை ஒவ்வொரு வளர்ப்பவரும் தம் மொழியில் அறிந்திருந்தது மறுபாதி.

‘சட்டத்தின் ஏற்புடைய வடிவம் ஆங்கிலம்தான் என்று அரசமைப்பின் 348-ஆம் பிரிவே சொல்கிறதே’ என்பர். மெய்தான். ஆனால் அதே நாடாளுமன்றம் 1973-இல் மற்றொரு சட்டம் இயற்றியிருக்கிறது. நடுவண் சட்டங்களைத் தமிழ் முதலிய மொழிகளில் பெயர்த்துக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு அரசிதழில் வெளியிட்டால், அம்மொழிபெயர்ப்பும் ஏற்புடைய வடிவமாகவே கொள்ளப்படும் என்பது அதன் சாரம். வழி இருக்கிறது. வழியிருந்தும் நடவாமல் நிற்பதற்குப் பெயர் இயலாமை அன்று, மனமின்மை.

அடுத்தது அதிகார வினா. அரசமைப்பின் ஏழாம் பட்டியலை எடுத்துப் பாருங்கள். கால்நடையைக் காத்தல், மேம்படுத்தல், விலங்கு நோய்களைத் தடுத்தல், கால்நடை மருத்துவப் பயிற்சி — இவ்வளவும் மாநிலப் பட்டியலின் பதினைந்தாம் வரிசையில் உள்ளன. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு நோய் பரவாமல் தடுத்தல் மட்டும் பொதுப் பட்டியலின் இருபத்தொன்பதாம் வரிசையில் உள்ளது. எல்லை தாண்டுவதைத் தடுக்க ஒரு வாயில் திறந்து வைத்தார்கள். அவ்வாயில் வழியே உள்ளே வந்தவர்கள் தொழுவம் வரை வந்துவிட்டார்கள். இன்று சான்றிதழின் வடிவத்தைக்கூட நாம் முடிவு செய்ய இயலவில்லை. ஊசி போடுபவர் தமிழ்நாட்டு ஊழியர். மாட்டைப் பிடிப்பவர் தமிழ்நாட்டு உழவர். நடைமுறைப்படுத்தும் சுமை தமிழ்நாட்டரசுக்கு. எழுதும் உரிமை மட்டும் வேறிடத்தில்.

‘நச்சுயிரிக்கு எல்லை உண்டா? எல்லார்க்கும் ஒரே சட்டம் இருந்தால்தானே நோயை ஒழிக்கலாம்?’ என்னும் வாதத்தில் உண்மை உண்டு. அதை மறைப்பது நேர்மையன்று. 2022-இல் தோல்கழலை நோய் வடமேற்கு மாநிலங்களில் தொடங்கி ஒரு நூறாயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளை அழித்தது. அது எந்த எல்லையிலும் நின்று விடை கேட்கவில்லை. எந்த நோயை அறிவிக்க வேண்டும், எந்த ஆய்வை ஏற்க வேண்டும், எத்தனை நாள் தனிமை வேண்டும் என்பன எங்கும் ஒன்றாக இருக்கட்டும். அளவுகோல் பொதுவாகலாம், ஆட்சிமொழி பொதுவாக வேண்டியதில்லை. ஐரோப்பாவில் ஒரே அளவுகோல் இருபத்து நான்கு மொழிகளில் இயங்குகிறது என்பதை மேலே கண்டோம். ஒருமை வேறு, ஒற்றைமொழி வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் காட்டுவதே தில்லியின் நெடுநாளைய சூழ்ச்சி.

மாநிலம் தன் உரிமையைக் கேட்டுப் பெற முடியுமா என்றால், பெற்றுக் காட்டியிருக்கிறோம். 2014 மே 7-இல் உச்ச முறைமன்றம் ஏறுதழுவலைத் தடுத்தது. 2017 சனவரியில் தமிழிளைஞர் கடற்கரையில் திரண்டனர். தமிழ்நாட்டுச் சட்டப்பேரவை நடுவண் சட்டத்துக்குத் தன் திருத்தத்தை இயற்றிக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. 2023 மே 18-இல் அதே உச்ச முறைமன்றத்தின் அரசமைப்பு ஆயம் அத்திருத்தம் செல்லும் என்று தீர்த்தது. வாடிவாசலுக்காக நாம் நடந்த பாதை அது. தொழுவத்துக்காக அதே பாதையில் ஏன் நடக்கலாகாது? ஆண்டில் ஒருநாள் களமாடும் காளைக்கு ஒரு திருத்தம் கிடைத்தது. முந்நூற்றறுபத்தைந்து நாளும் கறக்கும் ஆவுக்கும் ஏர் இழுக்கும் எருதுக்கும் கிடைக்கலாகாதா?

‘தமிழில் இச்சொற்களுக்கெல்லாம் ஆற்றல் உண்டா?’ என்பது கடைசிப் புகலிடம். காணை, வெக்கை, சப்பை, அடைப்பான், தொண்டை அடைப்பான், கன்றுவீச்சு, ஆட்டுக்கொல்லி — இவற்றை எந்தப் பல்கலைக்கழகமும் ஆக்கித் தரவில்லை. தொழுவங்களில் பிறந்தவை இவை. ஒவ்வொரு பெயரும் நோயின் குறியைச் சொல்கிறது. படிப்பறியாத முதியவர்கூட ‘சப்பை’ என்றால் எந்த இடம் வீங்கும் என்று காட்டுவார். சீரகம், வெந்தயம், மிளகு, மஞ்சள், பூண்டு இவற்றைத் தேங்காயோடும் வெல்லத்தோடும் சேர்த்துக் காணைப் புண்ணுக்கு வாயில் தடவும் முறையைத் தமிழ்நாட்டுக் கால்நடைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி வகுத்துப் பரப்பினார். இன்று அது பிற மாநிலங்களுக்கும் சென்றிருக்கிறது. அது புண்ணை ஆற்றும்; ஊசிக்கு மாற்றாகாது. ஆனால் நோயைக் காணவும் பெயரிடவும் ஆற்றவும் அறிந்த மொழி, அந்நோய்க்கான சட்டத்தை எழுத அறியாது என்பது நம்பத்தக்கதா?

எனவே நாம் வேண்டுவன இவை.

முதலாவது, 2009-ஆம் ஆண்டுச் சட்டமும் 2010-ஆம் ஆண்டு விதிகளும் 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே ஏற்புடைய தமிழ் வடிவம் பெற்று, ஒவ்வொரு கால்நடை மருந்தகத்திலும் ஊராட்சி மன்றத்திலும் சந்தைத் திடலிலும் எல்லாரும் படிக்கும்படி தொங்க வேண்டும்.

இரண்டாவது, தடுப்பூசிச் சான்றிதழ் தமிழில் இருக்க வேண்டும். எந்த நோய்க்கு ஊசி, எந்த நாளில் போட்டது, அடுத்தது எந்நாள் என்னும் மூன்றும் உழவர் கையில் தமிழில் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

மூன்றாவது, குருதி எடுத்தால் முடிவைச் சொல்ல வேண்டும். ஆய்வுக்கூறு எவருடைய மாட்டிலிருந்து எடுக்கப்பட்டதோ, அவர்க்கு அதன் முடிவு எளிய தமிழில் வந்து சேர்வதை விதியாக்க வேண்டும். எடுத்துக்கொண்டு போவது மட்டும் சட்டம், திருப்பிச் சொல்வது அருள் என்னும் நிலை ஒழிய வேண்டும்.

நான்காவது, அறிவித்தவர்க்குக் காப்பு வேண்டும். காணையை முந்தி அறிவித்த உழவர், பால் விற்க இயலாத நாள்களுக்கு இழப்பீடு பெற மாநில அரசு வழிசெய்ய வேண்டும். உண்மை சொன்னவர் இழப்பதும் மறைத்தவர் பிழைப்பதும் எந்நாட்டிலும் நோயை ஒழித்ததில்லை.

ஐந்தாவது, தமிழ்நாட்டுச் சட்டப்பேரவை, மாநிலப் பட்டியலின் பதினைந்தாம் வரிசையைக் கையிலெடுத்து, மேற்கண்டவற்றை அடக்கிய தன் சட்டத்தைத் தமிழில் இயற்ற வேண்டும்.

இவற்றுள் முதல் மூன்றுக்கும் பெரும்பொருள் வேண்டா. தாளும் மையும் மனமும் போதும்.

தமிழ்ப் பெருமக்களே! மொழியுரிமை என்றவுடன் மேடையையும் ஊர்வலத்தையும் பெயர்ப்பலகையையும் மட்டுமே எண்ணிப் பழகிவிட்டோம். பெயர்ப்பலகை வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் மொழி வாழ்வது பலகையில் அன்று; உழவரும் அரசும் நேருக்கு நேர் நிற்கும் இடத்தில். ஊசி போடும் நாளில் உங்கள் ஊர்த் தொழுவத்தருகே நில்லுங்கள். மாட்டைப் பிடிக்க உதவுங்கள். ஊசியை மறுப்பவரிடம் அதன் பயனைத் தமிழில் எடுத்துச் சொல்லுங்கள். பிறகு மருத்துவரிடம் பணிவோடும் உறுதியோடும் கேளுங்கள்: ‘ஐயா, சான்றிதழைத் தமிழில் தாருங்கள், ஆய்வின் முடிவைத் தமிழில் சொல்லுங்கள்.’ அவர் தம் மேலலுவலரிடம் கேட்பார். மேலலுவலர் சென்னையைக் கேட்பார். சென்னை தில்லியைக் கேட்டாக வேண்டும். ஊருக்கு ஒருவர் கேட்டால் ஓராண்டுக்குள் விடை வந்தே தீரும். கேளாத இனத்துக்குச் சட்டம் தன் தண்டத்தை மட்டுமே மொழிபெயர்த்துத் தரும்.